மீதிப் பாட்டு எங்கே?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நடுநடுவே சரித்திரமும் வரும், பயந்து ஓடிடாதீங்க :-)

எங்க வீட்டுல ரெண்டு பாட்டு காணாமப் போச்சு. ஒண்ணு அம்மாவோடது. இன்னொண்ணு என்னோடது.

அம்மாவோடது 1960கள்ல. உறையூர்ல அம்மா பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலம். வீட்டுல ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துதான் கேட்கணும். ஒரு சாயங்காலம் இலங்கை வானொலியில அறிவிப்பாளர் படத்தோட பேரைச் சொல்றார், பாடினவங்க பேரைச் சொல்றார், இசையமைப்பாளர் பேரையும் சொல்றார். பாட்டு ஆரம்பிக்குது. பல்லவி முடிஞ்சு முதல் சரணம் முடிஞ்சு, அடுத்து வயலின்கள் எல்லாம் சேர்ந்து மேல ஏறுற இடத்துல கரண்ட் போயிடுச்சு. திரும்பி வந்தப்ப செய்தி ஓடிட்டிருந்துதாம். அந்தப் படத்துக்கு அம்மாவை யாரும் கூட்டிட்டுப் போகல. அதுக்கப்புறம் அந்தப் பாட்டு அம்மா காதுல விழவே இல்ல. ஆனா படத்தோட பேரை மட்டும் அம்மா விடாம ஞாபகம் வச்சிருந்தாங்க.

என்னோடது 1984. ஸ்ரீரங்கத்துல எங்க வீடு, அரையாண்டுப் பரீட்சை நேரம், காலங்காத்தால. ரேடியோவுல ஏதோ நிகழ்ச்சி வரல. "தடங்கலுக்கு வருந்துகிறோம்"னு ஒரு குரல். அப்புறம் நிலைய வித்வான் ஒருத்தர் வயலின் வாசிச்சார். நிலைய வித்வான்னா உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா அதுல மண் அள்ளிப் போடுற வேலை அவருக்கு. அவரை வச்சு நாம அடிச்ச ஜோக் கொஞ்சமா நஞ்சமா! ஆனா அன்னைக்கு ஏழெட்டு நிமிஷம் நான் கையில பல்பொடியோட முத்தத்துல அப்படியே நின்னுட்டேன். வாசிச்சு முடிச்சதும் "இதுவரை நீங்கள் கேட்டது..."ன்னு ஆரம்பிச்சாங்க. சமையல்கட்டுல குக்கர் விசில் அடிச்சுது. மூணு விசில். அவ்ளோதான்.

அம்மாகிட்ட பேர் இருந்தது, பாட்டு பாதி. என்கிட்ட பாட்டு முழுசா இருந்தது, பேர் இல்ல. இந்த ரெண்டுல எது தேவலைன்னு யோசிக்கப் போய்தான் இந்தப் பதிவு.

*

புதுசா ஒரு பாட்டு நம்மகிட்ட எப்படி வந்து சேருது? பெரும்பாலும் நாம தேடிப் போறதில்ல. யாரோ யாருக்காகவோ போட்ட பாட்டு வழியில நம்ம காதுலயும் விழுது. அதுவும் துண்டாத்தான் விழும். அந்தத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு "இதோட மீதி எங்கே?"ன்னு கிளம்புறவன்தான் ரசிகன். கிளம்பணும்னா கையில ஒரு நூல் வேணும். அந்த நூல்தான் பேர்.

இதுக்கு நம்ம பக்கத்துல ஆயிரம் வருஷத்துக் கதை ஒண்ணு இருக்கு. ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குப் பழைய கதை, மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

காட்டுமன்னார்கோயில்ல நாதமுனின்னு ஒருத்தர். பத்தாம் நூற்றாண்டை ஒட்டின காலம். வெளியூர்லேர்ந்து வந்த பக்தர்கள் சிலர் கோயில்ல பெருமாள் முன்னாடி பத்துப் பாசுரம் பாடுறாங்க. குடந்தை ஆராவமுதன் மேல பாடின பத்து. நாதமுனி சொக்கிப் போயிட்டார். கடைசிப் பாசுரத்தைக் கவனிச்சா, குருகூர்ச் சடகோபன் பாடின ஆயிரத்துல இது ஒரு பத்துன்னு பாட்டே சொல்லுது. "அப்போ மீதி எங்கே?"ன்னு கேட்டிருக்கார். வந்தவங்க, "எங்களுக்கு இந்தப் பத்துதான் தெரியும்"னு சொல்லிட்டாங்க.

வேற யாராவது இருந்தா பத்து கிடைச்சுதேன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பாங்க. இவர் போகல. பாட்டுலயே ஊர் பேர் இருக்கு, ஆள் பேர் இருக்கு, எத்தனை பாட்டுன்னு கணக்கும் இருக்கு. தாமிரபரணிக் கரையில இருக்கிற குருகூர், அதாவது இன்னைய ஆழ்வார்திருநகரிக்கே கிளம்பிப் போயிட்டார். அங்கேயும் ஆயிரம் கிடைக்கல. மதுரகவியாழ்வார் வழியில வந்த ஒருத்தர், மதுரகவி பாடின பதினோரு பாசுரத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். அதைப் பன்னிரண்டாயிரம் தடவை சொன்னப்புறம் நம்மாழ்வாரே தோன்றி ஆயிரம் மட்டுமில்லாம நாலாயிரத்தையும் கொடுத்தார்னு குருபரம்பரைக் கதை சொல்லுது.

பன்னிரண்டாயிரம் தடவையை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு அந்தக் கதையில பிடிச்சது வேற இடம். ஒவ்வொரு பத்தோட முடிவிலும் பேரையும் கணக்கையும் பாட்டுக்குள்ளேயே வச்சுத் தச்சாரே நம்மாழ்வார், அந்த இடம். எழுதினவர் போயாச்சு, ஓலை போயாச்சு, பாட்டும் பத்து பத்தா சிதறியாச்சு. ஆனா எந்தப் பத்து யார் கையில கிடைச்சாலும் மத்ததைத் தேட அதுலயே வழி இருக்கு.

கிடைச்ச நாலாயிரத்தையும் நாதமுனி தன் மருமக்கள் மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் ரெண்டு பேருக்கும் இசையோட சொல்லிக் கொடுத்தார்னு மரபு. அந்த வழியில வந்ததுதான் அரையர் சேவை. இன்னைக்கும் மார்கழியில ஸ்ரீரங்கத்துல பகல் பத்துக்கு அர்ஜுன மண்டபத்துலயும், இராப் பத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்துலயும் கூம்புக் குல்லாய் வச்சுக்கிட்டு, கையில தாளத்தோட அரையர்கள் பாடி, அபிநயம் பிடிக்கிறதைப் பார்க்கலாம். சின்ன வயசுல தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு கூட்டத்துல நசுங்கிப் பார்த்திருக்கேன். அப்போ பிரசாதம் எப்போ தருவாங்கன்னுதான் கவனம். :-)

*

பேரைப் பாட்டுக்குள்ளேயே வைக்கிற பழக்கம் அதுக்கப்புறமும் விடல. தியாகராஜர் (1767-1847) ஸ்ரீரங்கத்துக்கு வந்து ரங்கநாதர் மேல தோடி, காம்போஜின்னு அஞ்சு கீர்த்தனை பாடினார். ஸ்ரீரங்க பஞ்சரத்தினம்னு சொல்றோம். பக்கத்துல லால்குடியிலயும் ஒரு அஞ்சு. சிஷ்யர்கள் நோட்டுப் புஸ்தகத்துலயும் தொண்டையிலயும்தான் அந்தப் பாட்டெல்லாம் ஊர் ஊராப் போச்சு. கடைசிச் சரணத்துல "தியாகராஜ"ன்னு முத்திரை வந்துடும். தீட்சிதர்னா "குருகுஹ". சியாமா சாஸ்திரின்னா "ஸ்யாமகிருஷ்ண". எங்கேயோ ஒரு கல்யாணக் கச்சேரியில ஓரமா நின்னு கேட்டவன்கூட இது யாரோடதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

இதே வேலை கிராமபோன் வந்தப்ப வேற மாதிரி நடந்துது. 1902 நவம்பர்ல கிராமபோன் கம்பெனியோட கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு பண்றார். கௌஹர் ஜான்னு பெரிய பாடகி. பாடி முடிச்சதும் தன் பேரை இங்கிலீஷ்ல உரக்கச் சொல்லி முடிக்கிறாங்க. பந்தாவுக்கு இல்லீங்க. அப்போ தட்டு அச்சடிக்கிறது ஜெர்மனியில ஹனோவர்ல. அங்கே இருக்கிறவனுக்கு நம்ம பாஷை தெரியாது. எந்தத் தட்டுல எந்தப் பேரை ஒட்டணும்னு அவனுக்குத் தெரியணும் இல்லையா? அதுக்காக. நம்மாழ்வாரும் கௌஹர் ஜானும் செஞ்சது ஒரே காரியம்னு எனக்குத் தோணும். பாட்டு நம்மை விட்டுத் தூரமாப் போகப் போகுது, கூடவே பேரையும் அனுப்பி வைன்னு.

பேர் இல்லாட்டி என்ன ஆகும்? 1949ல வந்த 'மஹல்' இந்திப் படத்துல மதுபாலாவுக்கு ஒரு பாட்டு. ஊரே பைத்தியமாச்சு. இசைத்தட்டுல பாடினது யாருன்னா "காமினி"ன்னு போட்டிருக்கு. அது படத்துல மதுபாலா ஏத்த பாத்திரத்தோட பேரு! பாடினவங்க பேரே இல்ல. யார் அந்தக் குரல்னு கேட்டு ரேடியோவுக்குக் கடிதம் குவிஞ்சதுக்கப்புறம்தான் லதா மங்கேஷ்கர்னு பேர் வெளியே வந்தது. லதாவுக்கே இந்தக் கதி. மத்தவங்களை யோசிச்சுப் பாருங்க.

*

திருச்சிக்கு வருவோம். குரலைக் கேட்டு "யார் பையன் இது?"ன்னு விசாரிக்கிற ஊர் எங்க ஊர். தென்னிந்திய ரயில்வேயில அதிகாரியா இருந்த எஃப்.ஜி.நடேசய்யர் 1914ல இங்கே ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பிச்சார். பாலக்கரையில ஒரு சின்னப் பையன் பாடுறதைக் கேட்டுட்டு, அரிச்சந்திரா நாடகத்துல லோகிதாசன் வேஷம் கொடுத்து மேடையேத்தினார். அந்தப் பையன்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர்.

பாகவதர் காலத்துல சினிமாப் பாட்டு ஊருக்குள்ள பரவினதுக்கு இன்னொரு வாகனம் பாட்டுப் புஸ்தகம். தியேட்டர் வாசல்ல விப்பாங்க. தாத்தா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வச்சிருந்தார். கதைச் சுருக்கம் முக்கால்வாசி சொல்லிட்டு, சஸ்பென்ஸ் வர்ற இடத்துல "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு போட்டுடுவாங்க. பாட்டு வரி எல்லாம் முழுசா இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு தெரிஞ்சவன் யாராவது பாடிக் காட்டணும். தாத்தா படம் பார்க்காமலே நாலஞ்சு பாட்டை சொந்த மெட்டுல பாடிட்டிருந்தார்னு பாட்டி கிண்டல் பண்ணுவாங்க.

1939 மே 16ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் ஆரம்பமாச்சு. சென்னைக்கு அடுத்த வருஷமே நமக்கு. 1947ல சுதந்திரம் வந்தப்ப இந்தியா பக்கம் இருந்த நிலையங்கள் மொத்தமே ஆறு. டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, அப்புறம் நம்ம திருச்சி! (காலரைத் தூக்கி விட்டுக்கறேன்.)

அதுவரைக்கும் கச்சேரி கேட்கணும்னா சபாவுல டிக்கெட் வாங்கணும், இல்ல கோயில் திருவிழாவோ பணக்காரர் வீட்டுக் கல்யாணமோ வரணும். ரேடியோ வந்தப்புறம் அது தெருவுக்கு வந்துடுச்சு. வீட்டுக்கு வீடு இல்ல, தெருவுக்கு ஒண்ணு ரெண்டு. வருஷா வருஷம் போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் கட்டணும். ஆனா வாசல்ல நின்னு கேட்கிறவனுக்கு லைசென்ஸ் தேவையில்லையே! ராகம் இன்னது, தாளம் இன்னது, இயற்றியவர் இன்னார்னு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அறிவிப்பாளர் சொல்லிடுவார். எங்க தெருவுல சங்கீதமே கத்துக்காத ஒரு மாமா ஆலாபனையைக் கேட்டே ராகத்தைச் சொல்லிடுவார். எப்படி மாமான்னு கேட்டா, "முப்பது வருஷமா அவன் சொல்றான், நான் கேட்கிறேன்"னு ரேடியோவைக் காட்டுவார். ஒரு ஊருக்கே ராகத்தோட பேரைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அந்த அறிவிப்பாளர்கள்தான்.

சினிமாப் பாட்டு கதைதான் கோணலாப் போச்சு. 1952ல பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சாஸ்திரிய சங்கீதத்துல பிரியம், சினிமாப் பாட்டுன்னா ஆகாது. தேசிய சங்கீத நிகழ்ச்சி அந்த வருஷம்தான் ஆரம்பிச்சது, அது அவருக்கான நல்ல கணக்கு. இன்னொரு பக்கம் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைக் குறைச்சார். கூடவே ஒரு விதி. பாடினவர் பேரைச் சொல்லலாம், படத்தோட பேரைச் சொல்லக் கூடாது. சொன்னா அது படத்துக்கு விளம்பரமாம்! தயாரிப்பாளர்கள் கோவிச்சுக்கிட்டு பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியை வாங்கிக்கிட்டாங்க. கொஞ்ச வருஷம் நம்ம வானொலியில சினிமாப் பாட்டுக்குப் பஞ்சம்.

கவனிச்சீங்களா? சண்டை பாட்டுக்காக மட்டும் இல்ல. பேருக்காகவும்தான்.

காத்து வாக்குல லாபம் கொழும்புக்குப் போச்சு. வடக்கே இந்திக்காரங்க, தெற்கே நாம, எல்லாரும் ரேடியோ முள்ளை இலங்கைக்குத் திருப்பினோம். மயில்வாகனம், அப்புறம் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். சொந்தச் சித்தப்பா அத்தை பேர் மாதிரி இந்தப் பேரெல்லாம் திருச்சியில வீட்டுக்கு வீடு தெரியும். படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாத்தையும் அழகான தமிழ்ல சொல்லிட்டுத்தான் இசைத்தட்டைப் போடுவாங்க. பாட்டு கேட்டவங்க பேரையும் ஊரையும் வேற வாசிப்பாங்க. டில்லி முழிச்சுக்கிட்டு 1957 அக்டோபர் 3ல விவித பாரதியை ஆரம்பிச்சது. அதுக்குள்ள நம்ம காது கடல் தாண்டிப் பழகிடுச்சு. அம்மாவோட அந்தச் சாயங்காலம் இந்தச் சண்டையோட மிச்சம்னு இப்போ புரியுது.

பேர் தெரிஞ்சா என்னவெல்லாம் நடக்கும்னு ஒரு உதாரணம். ஸ்ரீரங்கத்துல ஒரு இளைஞர், திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதிட்டிருந்தவர், ஒரு முருகன் பாட்டை எழுதி டி.எம்.சௌந்தரராஜனுக்கு அஞ்சலட்டையில அனுப்பினார். டி.எம்.எஸ். அதுக்கு மெட்டுப் போட்டுப் பாடிட்டார். அந்த இளைஞர் பேர் வாலி. குரலோட பேர் தெரிஞ்சதாலதானே அஞ்சலட்டையில விலாசம் எழுத முடிஞ்சது!

*

என் காலத்துக்கு வந்தா, எனக்குப் புதுப் பாட்டு கொடுத்தவங்க மூணு பேர்.

முதல்ல மைக் செட்காரர். ஆடிப்பெருக்குன்னா அம்மாமண்டபம் பக்கம், கல்யாணம்னா தெருமுனை, வேப்பமரத்துல குழாயைக் கட்டிட்டு ஒரு பெஞ்சுல ரெக்கார்டு பிளேயரோட உட்கார்ந்திருப்பார். சின்னப் பசங்க நாங்க சுத்தி நிப்போம். தட்டைத் தொட விடமாட்டார். ஆனா எடுத்து உறையில போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எங்க பக்கம் காட்டுவார். நடுவுல வட்டமா இருக்கிற லேபிளைப் படிச்சுக்கலாம். நான் எழுத்துக் கூட்டிப் படிச்ச முதல் இங்கிலீஷ் பேர்கள் பி.சுசீலாவும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியும்தான்.

ரெண்டாவது டவுன் பஸ். திருச்சியில தனியார் டவுன் பஸ்கள் நிறைய. பாட்டு இல்லாத பஸ்ல ஏறுறதுக்கு காலேஜ் பசங்க யோசிப்பாங்க. மாம்பழச்சாலையில ஏறினா காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் வர்றதுக்குள்ள ரெண்டு பாட்டு. மூணாவது பாட்டு பாதியில இறங்கணும். "இது எந்தப் படம்ணே?"ன்னு கேட்டா கண்டக்டர், "தெரியாது தம்பி, டிரைவர் கேசட்டு"ன்னு விசிலடிச்சுடுவார். அந்த மூணாவது பாட்டுக்காக அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய் நடந்து திரும்பின நாள் உண்டு.

மூணாவது ரெக்கார்டிங் சென்டர்காரர். 80கள்ல பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா ஒரு வாரத்துல கேசட்டுல ஏத்தித் தருவாங்க. அறுபது நிமிஷக் கேசட்டுல பன்னிரண்டு, பதிமூணு பாட்டு வரும். பி பக்கத்துல கடைசியா ரெண்டு மூணு நிமிஷம் மிச்சம் இருக்கும். காலியா விடக் கூடாதுன்னு அவர் தனக்குப் பிடிச்ச ஏதாவது ஒண்ணை அதுல போட்டுடுவார். நான் காசு கொடுத்தது மத்த பன்னிரண்டுக்கு. இன்னைக்கு ஞாபகம் இருக்கிறது அந்த மிச்ச இடம்தான்.

அப்படி ஒரு தடவை மிச்சத்துல ஒரு வயலின் வந்தது. நம்ம ராகம் மாதிரியும் இருக்கு, வெள்ளைக்காரன் சங்கீதம் மாதிரியும் இருக்கு, பாதியில நின்னு போச்சு. ஓடிப் போய்க் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே உறையை எடுத்துக் காட்டினார். இளையராஜா 1986ல போட்ட 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கின தொகுப்பு. வயலின் வி.எஸ்.நரசிம்மன். "மீதி வேணுமா?"ன்னு கேட்டார். முழுக் கேசட்டையும் அன்னைக்கே வாங்கினேன். இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு தலைப்பு வச்ச தொகுப்பைக்கூட பேர் இருந்ததாலதான் வாங்க முடிஞ்சது பாருங்க. :-)

உண்மையைச் சொன்னா, அந்த வயலினைக் கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்கு 1984 காலை ஞாபகம் வந்தது. இது அவர்தானோன்னு. இல்ல. அவர் வில்லு வேற மாதிரி போகும்.

*

கேசட் போய் சிடி வந்து, ஒரே தட்டுல நூறு பாட்டு ஏத்தின எம்பி3 காலம் வந்துச்சு. 'ட்ராக் 01', 'ட்ராக் 02'ன்னு இருக்கும். பாட்டு நிறைய, பேர் ஒண்ணுமில்ல. நூறு பாட்டு உள்ள தட்டுல நூறு அநாதைகள்.

அப்புறம் பேரைக் கண்டுபிடிக்கிற மெஷினே வந்துடுச்சு. ஷஸாம் 2002ல பிரிட்டன்ல ஆரம்பிச்சது. ஒரு நம்பருக்குப் போன் பண்ணி, ஓடுற பாட்டுக்கு நேரா போனைப் பிடிச்சா, பேர் எஸ்எம்எஸ்ல வரும். பாட்டுல எந்த நேரத்துல எந்தச் சுருதி ஓங்கி ஒலிக்குதுன்னு புள்ளி புள்ளியா எடுத்து, கைரேகை மாதிரி வச்சுக்கிட்டு கிடங்குல தேடுது. இப்போ எல்லார் போன்லயும் இருக்கு. 2020லேர்ந்து வாயால முனகினாலே கூகுள் தேடித் தருது. பாட்டுச் செயலிகளும், இதைக் கேட்டவங்க அதையும் கேட்டாங்கன்னு கணக்குப் போட்டு அடுத்த பாட்டைத் தானே எடுத்துப் போடுது. மைக் செட்காரரும் கண்டக்டரும் ரெக்கார்டிங் சென்டர்காரரும் சேர்ந்து செஞ்ச வேலையை ஒரே போன் செய்யுது. குறை சொல்ல மாட்டேன். தினமும் கேட்கிறேன்.

ஆனா ஒண்ணு. கைரேகை போலீஸ் ரெக்கார்டுல இருந்தாத்தானே திருடனைப் பிடிக்க முடியும்?

அம்மாவோட பாட்டு கிடைச்சுடுச்சு. யூடியூப்ல யாரோ ஒரு புண்ணியவான் ஏத்தி வச்சிருந்தார். படத்தோட பேரை அடிச்சேன், மூணாவதா வந்து நின்னுது. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் போட்டேன். நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் முதல் சரணத்தைக் கூடவே பாடினாங்க. வயலின்கள் மேல ஏறுற இடம் வந்தது, தாண்டிப் போச்சு. ரெண்டாவது சரணம் முடியிற வரைக்கும் அம்மா பேசல. முடிஞ்சதும், "இவ்வளவுதானா? நான் நினைச்சு வச்சிருந்தது இன்னும் நல்லா இருந்துச்சு"ன்னாங்க. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கேட்டாங்க, "பாட்டுக்கு முன்னாடி அவர் சொல்வாரே, அதுவும் இதுல இருக்கா?"

அது இல்ல. பாட்டை மட்டும்தான் ஏத்தியிருந்தாங்க. அந்தச் சாயங்காலத்தை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த குரல் அதுல இல்ல.

என்னோடது இன்னும் கிடைக்கல. கூகுளுக்கு முனகிக் காட்டினேன், ஒரு சினிமாப் பாட்டைக் கொடுத்துச்சு. ராகம் சொல்ற அந்த மாமாகிட்ட பாடிக் காட்டினேன். "நீ பாடுறது மூணு ராகத்துல வருதுடா, முதல்ல நீ ஒரு ராகத்துல நில்லு"ன்னார். லைப்ரரியில பழைய பேப்பரை எடுத்து அன்னன்னைய வானொலி நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தேன். அதுல வராத நிகழ்ச்சியோட பேர்தான் இருக்கும், அதுக்குப் பதிலா வாசிச்சவர் பேர் எப்படி இருக்கும்? தடங்கலுக்குப் பதிலா வந்தவர் பட்டியல்ல வரமாட்டார். அவர் ரெக்கார்டு கொடுத்த மாதிரியும் தெரியல. எந்தக் கிடங்குலயும் அவர் கைரேகை இல்ல. ஒண்ணாம் நம்பர் பஸ்ல என் பக்கத்துல நின்னிருக்கலாம். காந்தி மார்க்கெட்ல எனக்கு முன்னாடி தக்காளி பொறுக்கிட்டிருந்திருக்கலாம். அந்த ஏழெட்டு நிமிஷம் ஒரு பையனை என்ன பண்ணுச்சுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு விசில்தான் நடுவுல.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். பேரைப் பிடிச்சுக்கிட்டா பாட்டு என்னைக்காவது வந்து சேரும். பேரை விட்டா, முழுப் பாட்டு காதுல இருந்தாலும் போனது போனதுதான்.

இதை எழுதுறப்ப நாதமுனி கதையில இன்னொண்ணு உறைச்சுது. பாடினவர் பேர் சடகோபன், தெரியும். தேடிப் போனவர் பேர் நாதமுனி, தெரியும். ஆனா அன்னைக்குக் காட்டுமன்னார்கோயில்ல வந்து நின்னு அந்தப் பத்தைப் பாடினாங்களே, அவங்க பேர் என்ன? யாரும் எழுதி வைக்கல. அவங்க இல்லைன்னா நாலாயிரமும் இல்ல.

அதனால மக்களே, ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டுல பழைய கேசட் இருந்தா, பரணை மேல டேப்புல யாராவது பாடினதோ வாசிச்சதோ இருந்தா, ஓட்டிக் கேட்டு அது யாருன்னு ஒரு சீட்டுல எழுதி உள்ளே வைங்க. தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. உங்களுக்குப் புதுப் பாட்டை அறிமுகப்படுத்தினது யாருன்னும் முடிஞ்சா சொல்லுங்க. பேரோட சொல்லுங்க.

டிஸ்கி: 1984 டிசம்பர்ல காலையில ரேடியோவுல வயலின் வாசிச்ச நிலைய வித்வானை யாருக்காவது தெரிஞ்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் வீட்டுல யாராவது இருந்தாலும் போதும். குக்கர் மேல தப்புன்னு சொல்லி ஒரு மன்னிப்புக் கேட்டுக்கறேன்.